தலைவர்களின் கைப்படக் கடிதங்கள்: மலையகச் சேகரிப்பு

அரசியலில் பெயர் பெற்றோர் தம் கையாலேயே எழுதிய கடிதங்களைத் தேடி, அவை உண்மையானவைதாமா என்று உறுதிசெய்து பேணுவது கைப்படக் கடிதச் சேகரிப்பு. அமெரிக்காவில் இதற்குப் பெரும் சந்தை உண்டு. 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரின் எழுத்தையும் ஒருசேரத் திரட்டுவது அங்குள்ள சேகரிப்பாளர்களின் நெடுநாள் ஆசை. அதற்கு வழிமறிப்பவர் அவர்களில் ஒருவரான பட்டன் குவின்னெட். மறு ஆண்டே துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று இறந்ததால் அவர் எழுத்து மிக அரிது.

இலங்கையின் மலையகத்தில் அப்படியொரு வரிசை கோக்க ஏழு பேர் போதும். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்ற எழுவர் அவர்கள். அவர்களில் மூவர்: நுவரெலியாவுக்கு சௌமியமூர்த்தி தொண்டமான், கொட்டகலைக்கு கே. குமாரவேலு, தலவாக்கலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் விளைவாகத் தோட்ட மக்கள் வாக்கிழந்தனர். 1952 தேர்தலில் அந்த வரிசை அறுந்தது. எழுவரில் சேகரிப்பாளர் முதலில் தேட வேண்டியது வேலுப்பிள்ளையைத்தான். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர் தொழிற்சங்கவாதி மட்டுமல்லர், கவிஞர், நாட்டார் பாடல் தொகுத்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர் என்பதால், அவருடைய கடிதத்தைச் சோதிப்பவர் இரு மொழி எழுத்தையும் பழகியிருக்க வேண்டும்.

தலைவர் கைப்பட எழுதியது வேறு, உதவியாளர் தட்டச்சு செய்து தலைவர் ஒப்பம் மட்டும் இட்டது வேறு, ரப்பர் முத்திரை குத்தியது வேறு. மதிப்பும் அதே வரிசையில் இறங்கும். 1935 என்று தேதியிட்ட கடிதம் போல்பொயின்ட் பேனாவால் எழுதப்பட்டிருந்தால் மேலே பார்க்கத் தேவையில்லை. அப்பேனா சந்தைக்கு வந்ததே 1940களின் நடுவில்தான். கையெழுத்து மாறுவதாலேயே போலி என்று தள்ளிவிடவும் முடியாது. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தி, வலக்கை ஓய்ந்தால் இடக்கையால் எழுதுவார். இரண்டும் ஒருவர் எழுத்தாகத் தோன்றா. ஆகவே, யார் வீட்டிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறே வலுவான ஆதாரம்.

இந்திய வம்சாவளி மலையகத்தாரின் தலைவிதியை எழுதியதும் கடிதம்தான். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் மாற்றிக்கொண்ட கடிதங்களே ஒப்பந்தமாயின. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரின் கதை பின்னால் பார்க்கலாம் என்று விடப்பட்டது.

தோட்டக் குடியிருப்பான லயத்தின் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதத்துக்கு மலைநாட்டு ஈரமும் அடுப்புப் புகையும் எதிரிகள். லாமினேட் செய்வது அதைவிடக் கேடு. பிறகு பிரிக்க முடியாது. கண்டிப் பக்கம் கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் 2007இல் தொடங்கிய தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஒப்படைப்பது நல்லது. கொடுக்கும்போது உறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குப்பையென்று பலர் எறிந்துவிடும் அந்த உறையில்தான் தபால் முத்திரை, கடிதம் கிளம்பிய ஊரையும் நாளையும் சொல்லிக்கொண்டிருக்கும்.