திண்ணையும் முதியோர் இல்லமும்

சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டி முதலான ஊர்களின் பழைய வீடுகளில் திண்ணையே முதியோரின் இருக்கையாகவும் படுக்கையாகவும் விளங்கியது. அமர்ந்தெழ ஏற்ற உயரமும், சாய்வதற்குத் தூணும், தெருவின் பேச்சும் அங்கே ஒருசேர வாய்த்தன.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் குறைந்தது 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லம் அமைய வழிவகுத்தது. அதனையொட்டிய மத்திய அரசின் மாதிரி விதிகள், படுக்கையறையில் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டரும், சமையலறை, உணவுக்கூடம் உள்ளிட்டு 12 சதுர மீட்டரும் வரையறுத்தன; சாய்தளம், கைப்பிடிக் கம்பி ஆகியவற்றையும் வலியுறுத்தின. ஆயின் தாழ்வாரமும் நடைவழியும் இக்கணக்கில் சேரா. படுக்கைக்கு அளவு உண்டு, திண்ணைக்கு இல்லை. இல்லங்களின் கட்டில், இருக்கைத் தெரிவுகளை ஆராய்வோர், தெருவை நோக்கிய அவ்விடத்தின் இழப்பையும் கருதுதல் வேண்டும்.