சிதம்பரத்து ஓலையும் கடலூர்க் காகிதமும்

2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தெருவுக்குத் தெரு மக்கள் துணிமணிகளோடு காகிதங்களையும் வெயிலில் உலர்த்தினார்கள். பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம், ரேஷன் கார்டு என்று எத்தனையோ! சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று.

நானும் என் அலமாரியின் கீழ்த்தட்டில் நனைந்து போன பழைய நோட்டுகளை விரித்துப் போட்டேன். எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் எழுதிய செய்முறைக் குறிப்பேடுகள் அவை. ஊற்றுப்பேனாவால் நீல மையில் எழுதிய பக்கங்கள் வெறும் நீலக் கறையாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனா எழுத்து ஓரளவு தப்பியது. பென்சிலால் வரைந்த படங்களோ நேற்று வரைந்தவை போல அப்படியே இருந்தன.

சிறு வயது முதலே பேனா, மைக்கூடு, பென்சில், காம்பஸ் ஆகியவற்றின்மீது எனக்குத் தீராத ஆசை. புத்தகக் கடையைவிட எழுதுபொருள் கடை வாசலில் நின்ற நேரமே அதிகம். ஆசையாகச் சேர்த்த பேனா கைவிட்டது. சாதாரணப் பென்சில் காப்பாற்றியது. ஏன்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், கடலூரும் சிதம்பரமும் ஆயிரம் ஆண்டுகளாகவே இதைச் சந்தித்து வந்திருப்பது தெரிகிறது.

புற்று மூடிய ஏடுகள்

தேவாரம் மீட்கப்பட்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. சோழ மன்னன் ஒருவன் மூவர் பாடிய பதிகங்கள் எங்கே உள்ளன என்று தேடினான். அம்மன்னன் முதலாம் ராஜராஜன் (985–1014) என்பது பலரின் கருத்து. சிதம்பரத்திற்கு அருகிலுள்ள திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி, தில்லைக் கோயிலில் பொன்னம்பலத்தின் பின்புறம் உள்ள ஓர் அறையில் அவை பூட்டப்பட்டிருப்பதாக அறிவித்தார். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்று கோயிலார் கூற, மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தானாம்.

உள்ளே கண்ட காட்சி என்ன? ஏடுகளைக் கறையான் புற்று மூடிக் கிடந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றை நீக்கி, எஞ்சியவற்றை எடுத்தார்கள். பாடப்பட்ட பதிகங்கள் லட்சத்துக்கும் மேல் என்பது மரபு. இன்று நம் கையில் இருப்பவை ஏறத்தாழ 800. லட்சம் என்பதை மிகையாகவே கொண்டாலும், கறையான் தின்றது மிகையன்று. பண்களும் மறந்து போயிருந்தன. எருக்கத்தம்புலியூரில், அதாவது இன்றைய ராஜேந்திரப்பட்டினத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் நினைவில் இருந்தே அவை மீட்கப்பட்டன என்றும் அப்புராணம் கூறும். பண்களைக் காத்தது ஓலையன்று, ஒருவரின் நினைவே!

கறையான் ஏன் ஓலையை நாடுகிறது? ஓலையின் உடல் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. மனிதனால் செரிக்க முடியாத இப்பொருளைக் கறையான் தன் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் செரித்துவிடுகிறது. நமக்கு நூலாகத் தெரிவது அதற்குச் சோறாகத் தெரிகிறது.

எழுத்தாணியின் அழுத்தம்

ஓலை தயாரிப்பது எளிய வேலையன்று. பனையோலையை நரம்பு நீக்கி நறுக்கி, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்ப்பார்கள். பிறகு துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி ஆயிற்று. எழுத்தாணியிலும் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை உண்டு.

எழுதுபவர் எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரைக் கிலோ எடையைத் தூக்கத் தேவைப்படும் அளவு விசையைக் கை தருவதாகவும், எழுத்தாணியின் முனை ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பரப்புடையதாகவும் கொள்வோம். விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 500 மடங்கு! ஓலையின் மேல்தோல் கீறுபட இது போதும். ஆனால் ஒரே இடத்தில் குத்தினால் ஓலை துளைபட்டுவிடும். அதனால்தான் தொல்காப்பியம் புள்ளிக்கு இலக்கணம் வகுத்திருந்தும், ஏடு எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள் என்பர். பழைய ஏடுகளைப் படிப்பவர் 'க'வா 'க்'கா என்று இடம் நோக்கித் தெளிய வேண்டியிருந்தது. எழுதுபொருளின் இயல்பு மொழியின் வரிவடிவத்தையும் தொட்டிருக்கிறது.

கீறிய எழுத்து தானே கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றோடு சேர்த்து ஓலைமீது பூசித் துடைப்பார்கள். மேற்பரப்பில் உள்ள கரி போய்விடும். கீறலுக்குள் புகுந்த கரி தங்கிவிடும். கரி என்பது கார்பன். சாதாரண வெப்பநிலையில் அது காற்றோடோ நீரோடோ வினைபுரிவதில்லை, வெயிலில் வெளுப்பதுமில்லை. ஆகவே ஓலைச் சுவடியில் மை அழிவதில்லை, ஓலைதான் அழிகிறது. இதை மனத்தில் கொள்ளுங்கள். கடலூரில் இதற்கு நேர்மாறானதைக் காணப்போகிறோம்.

காகிதப் பட்டறையும் கம்பெனி ரைட்டரும்

சிதம்பரத்துக்குத் தெற்கே, கடற்கரையில் இருப்பது தரங்கம்பாடி. டேனியர் வசமிருந்த அவ்வூருக்கு 1706ஆம் ஆண்டு வந்த சீகன்பால்கு தமிழ் ஏடுகளைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியலே தயாரித்தார். பின்னர் ஜெர்மனியிலிருந்து தமிழ் அச்சு எழுத்துகள் வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அந்த எழுத்துகள் பெரியவையாக இருந்ததால் காகிதம் மளமளவென்று தீர்ந்தது. கப்பலில் வரும் காகிதத்தை நம்பியிருக்க முடியாமல், அருகிலுள்ள பொறையாரில் ஒரு காகிதப் பட்டறையைத் தொடங்கினார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் காகிதம் என்பது ஊரிலேயே செய்துகொள்ள வேண்டிய பொருள் என்ற எண்ணம் இப்பகுதியில் அன்றே தோன்றிவிட்டது.

வடக்கே கடலூரில், கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கம்பெனியின் கடைநிலைப் பதவிக்குப் பெயரே 'ரைட்டர்', அதாவது எழுதுபவர். 1744இல் சென்னையில் ரைட்டராக வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது தப்பி ஓடி வந்து சேர்ந்தது இந்தக் கடலூர்க் கோட்டைக்குத்தான். இன்றும் போலீஸ் நிலையத்தில் 'ரைட்டர்' இருக்கிறார் அல்லவா?

அந்த ரைட்டர்கள் எழுதியது வாத்தின் இறகால். 'பேனா' என்னும் நம் சொல்லே இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. 'கடுதாசி'யும் அம்மொழி தந்ததே. இறகின் முனையைச் சீவிக் கூராக்கும் சிறு கத்தியின் பெயர் பேனாக்கத்தி. இறகு போன பிறகும் அப்பெயர் நிலைத்துவிட்டது. இறகின் முனையைப் பிளந்துவிட்டால் அது ஒரு மெல்லிய புழையாகிறது. பரப்பு இழுவிசையால் மை அந்தப் புழையில் தொங்கி நிற்கும். காகிதத்தைத் தொட்டதும் காகித நார்களுக்கிடையே உள்ள அதைவிட நுண்ணிய புழைகள் அதை இழுத்துக்கொள்ளும். இன்றைய ஊற்றுப்பேனாவின் நிப்பில் உள்ள பிளவும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

காகிதத்தைத் தின்னும் மை

அக்கால அலுவலகங்களின் மை விந்தையானது. ஐரோப்பாவில் ஓக் மரத்துக் காய்ப்புகளிலிருந்தும், நம் நாட்டில் கடுக்காயிலிருந்தும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளை எடுத்தார்கள். அதனுடன் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் மை தயார். எழுதும்போது அது வெளிறியே இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் இரும்பு வினைபுரியப் புரிய, மறுநாள் எழுத்து கருமை ஏறி, காகித நாருக்குள்ளேயே படிந்துவிடும். தண்ணீரில் கழுவினாலும் போகாது; கத்தியால் சுரண்டினால் சுரண்டிய தழும்பு காட்டிக் கொடுத்துவிடும். கணக்கிலும் பத்திரத்திலும் திருத்தல் செய்ய முடியாத மை என்பதால் அலுவலகங்கள் இதையே விரும்பின.

ஆனால் இந்த வினையில் கந்தக அமிலமும் உண்டாகிறது. அமிலமும் மிச்சமிருக்கும் இரும்பும் சேர்ந்து செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகின்றன. நூறு, இருநூறு ஆண்டுகள் கழிந்ததும், மை அடர்ந்த இடங்களில் காகிதம் பொடிந்து, எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுகிறது! தில்லையில் ஓலைக்குப் பகை வெளியிலிருந்து வந்தது. இங்கே பகை மைக்கூட்டுக்குள்ளேயே இருந்தது.

காகிதமும் மாறியது. பழைய காகிதம் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. அதன் நார் நீண்டது, வலியது. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழ்க் காகிதம் பெருகியது. மை பரவாதிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். படிகாரம் காலப்போக்கில் அமிலத்தைத் தருகிறது. மரத்திலுள்ள லிக்னின் வெயிலில் பழுப்பேறுகிறது. நம் தாத்தா காலத்துப் புத்தகங்கள் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குவதற்குக் காரணம் இதுதான்.

பென்சிலின் ரகசியம்

இப்போது என் நனைந்த நோட்டுக்கு வருவோம். ஊற்றுப்பேனாவின் நீல மை நீரில் கரையும் சாயம்; ஆகவே வெள்ளத்தில் கரைந்தது. 1938இல் பிரோ காப்புரிமை பெற்ற பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது எண்ணெய்போல் கெட்டியான மை. ஆகவே அது நீருக்குத் தப்பியது. ஆனால் நெடுநாள் வெயில் பட்டால் அச்சாயமும் வெளுக்கும்.

பென்சிலில் இருப்பதோ கிராஃபைட். அதுவும் கார்பனே. தில்லை ஏட்டில் பூசிய விளக்குக் கரியின் உடன்பிறப்பு! கிராஃபைட்டில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓர் அடுக்குக்குள் அணுக்களிடையே உள்ள தூரம் 1.42 ஆங்ஸ்ட்ராம், பிணைப்பு மிக உறுதி. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம், பிணைப்பு தளர்ச்சி. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) காகிதத்தில் உரசும்போது சீட்டுக்கட்டுபோல அடுக்குகள் வழுக்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. 1795இல் பிரான்சின் கான்டே, கிராஃபைட்டுடன் களிமண் கலந்து சுட்டு, வேண்டிய கடினத்தில் பென்சில் செய்யும் முறையைக் கண்டார். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் இந்த அடுக்குகளில் ஒன்றை மட்டும் பசை நாடாவால் உரித்து எடுத்துக் கிராஃபீனை உலகுக்குக் காட்டினார்கள். 2010இல் நோபல் பரிசும் பெற்றார்கள். பென்சில் கரியும் பசை நாடாவும் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பவைதாமே!

அப்படியானால் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவிடலாமா? கூடாது. அடுக்குகள் வழுக்கி வந்து ஒட்டியதால்தான் எழுத்து உண்டாயிற்று. அதே காரணத்தால் ரப்பரால் தேய்த்தால் அது போய்விடும். பென்சில் எழுத்தை வெள்ளம் அழிக்காது, மனிதன் அழிப்பான். இரும்பு மை எழுத்தை மனிதன் அழிக்க முடியாது, காலம் அழிக்கும். ஒவ்வோர் எழுதுபொருளுக்கும் அதன் சிறப்பே அதன் குறையாகவும் அமைகிறது.

படியெடுப்பதே காவல்

கல்லில் வெட்டிவிட்டால்? அதுவும் பயன் தந்ததுண்டு. ஏடுகளில் கிடைக்காத சம்பந்தர் பதிகம் ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. ஆனால் எல்லா நூலையும் கல்லில் வெட்ட முடியுமா?

நம் முன்னோர் கண்ட வழி ஒன்றே. ஏடு நைந்து போவதற்கு முன் புதிய ஏட்டில் படியெடுப்பது. படியெடுக்க ஆளில்லாத இடத்தில் நூல் மறைந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையருக்கு, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் செய்தி கிடைத்தது. கறையான் மீதம் வைத்ததை மனித அறியாமை எரித்தது. சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றிய அந்தப் பெரியவர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார் என்பது நம் பகுதிக்குப் பெருமை. ஏடுகள் பூட்டிக் கிடந்து கறையானுக்கு இரையான அதே ஊரில், ஏடுகளைத் திறந்து படித்து அச்சாக்கியவர் பணியாற்றினார்!

கடலூர்க் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி இடித்துவிட்டனர். ஆயினும் அக்கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளும் கடிதங்களும் சென்னைக்குப் படியாகச் சென்றிருந்ததால் எஞ்சின; பின்னாளில் நூலாகவும் அச்சாயின. புதுச்சேரியில் காக்கப்படும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவை இன்று கணினிப் படமாகவும் படியெடுக்கப்படுகின்றன. கணினி வட்டும் அழியாப் பொருளன்று. அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றத்தான் வேண்டும். கடைகளில் தரும் வெப்ப அச்சு ரசீதுகளோ சில மாதங்களிலேயே வெள்ளைத் தாளாகிவிடுகின்றன.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் சான்றிதழ்களை இன்றே படியெடுத்து, வேறு வேறு இடங்களில் வையுங்கள். வீட்டில் பழைய ஏடோ, தாத்தாவின் கணக்கு நோட்டோ இருந்தால், எரிப்பதற்கும் எடைக்குப் போடுவதற்கும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நல்ல பேனாவையும் நல்ல காகிதத்தையும் விரும்புங்கள். நானும் இன்னும் விரும்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவற்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். தில்லையில் கதவு திறந்தபோது எஞ்சியிருந்த ஏடுகள், நல்ல ஓலை என்பதால் நம்மை வந்து சேரவில்லை. அன்று முதல் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றைப் பார்த்து எழுதினார். அதனால்தான் வந்து சேர்ந்தன.