கண்ணுக்கு யார் பதில் சொல்வது? பலகையும் கணினியும்

நங்கநல்லூரில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, வீட்டில் தம்பதியும் ஒரு பணிப்பெண்ணும் மட்டும் என்பது இங்கே தெருவுக்கு நாலு வீடு. அப்படி ஒரு வீட்டில் மோட்டார் நியூரான் நோய் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கை போகும், அல்லது நாக்கு குழறும். கடைசிவரை சொன்னபடி கேட்பது பெரும்பாலும் கண்தான். அந்தக் கண்ணை வைத்துப் பேச இன்றைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழுத்துகள் எழுதிய ஒளிபுகும் பலகை. மற்றொன்று, பார்வை எங்கே விழுகிறது என்று அறிந்து இயங்கும் கணினி.

இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் விலையையும் வேகத்தையும்தான் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கண் ஒன்றைச் சொன்னதும், ‘புரிந்தது’ என்ற பதில் எங்கிருந்து, எப்போது, எந்த வடிவில் வருகிறது? துறைக்காரர்கள் பின்னூட்டம் என்பது இதைத்தான். இரண்டு வழிகளும் பிரியும் இடமும் இதுதான்.

பலகை எளிது. ஒரு ஓஎச்பி ஷீட்டோ அக்ரிலிக் தகடோ போதும். மெய்யெழுத்துகள் பதினெட்டையும் மும்மூன்றாக ஆறு கட்டங்களில் எழுதி, இருவர் முகத்துக்கும் நடுவே பிடிக்க வேண்டும். அப்பா ஒரு கட்டத்தைப் பார்க்கிறார். மறுபுறமிருந்து அவர் கண்ணைப் பார்க்கும் மகள், “த வரிசையாப்பா?” என்று கேட்கிறாள். கண் மேலே போனால் ஆமாம், கீழே போனால் இல்லை. பிறகு அந்தக் கட்டத்தின் மூன்றில் எது என்று இதே போலக் கேட்டு, அடுத்து உயிரெழுத்து. ‘த’, ‘ண்’ வந்ததுமே “தண்ணியா?” என்று அவள் கேட்டுவிடுவாள். மின்சாரம் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். பதில் சொல்வது மனிதக் குரல்.

கணினி வழியில் திரைக்குக் கீழே ஐ டிராக்கர் என்ற ஒரு பட்டை இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கிளம்பும். கருவிழியில் அது பிரதிபலிக்கும் புள்ளியையும் கண்பாவையின் நடுவையும் கேமரா படமெடுக்க, பார்வையின் திசை கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் திரையில் தோன்றும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அளவு சரிசெய்துகொள்ள வேண்டும். காலிபரேஷன் என்பது அதுதான். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை பிசகு இருக்கும். அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் ஒரு டிகிரி என்பது திரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சின்னச் சின்னப் பட்டன்கள் உதவாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பிசகைக்கூடச் சமாளிக்கலாம். கண்ணின் சுபாவம்தான் பெரிய சிக்கல். நங்கநல்லூர் ராம் நகரில் நிற்கும் முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயரை ஒரே பார்வையில் துல்லியமாக யாரும் பார்த்ததில்லை. பாதம், கூப்பிய கை, முகம் என்று கண் தாவித்தாவித்தான் மேலே ஏறுகிறது. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது, ஒன்றிரண்டு டிகிரிதான். அதனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் கண் ஓரிடத்தில் கால் நொடி நின்று அடுத்த இடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. தேடுவது, படிப்பது, வெறிப்பது எல்லாம் இதே தாவல்தான். இதில் எது கட்டளை, எது சும்மா பார்த்தது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

1990-இல் ராபர்ட் ஜேக்கப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு, தொட்டதெல்லாம் பொன்னாகிப்போன கிரேக்கக் கதை மன்னன் மைதாஸை வைத்து, மைதாஸ் தொடுகை என்று பெயர் வைத்தார். பார்த்த இடமெல்லாம் கட்டளையாகிவிடும் ஆபத்து. நம்மூர்க்காரர் யாராவது முந்தியிருந்தால் பஸ்மாசுரன் என்று வைத்திருப்பார், பொருத்தம்கூட அதுதான். இதற்குக் கிடைத்த பொதுவான தீர்வு, பார்வை ஓர் எழுத்தின் மேல் குறிப்பிட்ட நேரம் நின்றால் மட்டுமே அதைத் தேர்வாகக் கொள்வது. பலகையில் இந்தச் சிக்கலே கிடையாது. அப்பா தேடுகிறார், இன்னும் முடிவு செய்யவில்லை என்பது மகளுக்கு முகத்திலேயே தெரிந்துவிடும்.

நிற்கும் நேரம் என்று ஒன்று வந்துவிட்டால், அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்ப்பவருக்குக் காட்டியாக வேண்டும். எப்படிக் காட்டுவது? முதலில் யாருக்கும் தோன்றுவது, பார்வை விழும் இடத்தில் மவுஸ் அம்பு போல ஒரு கர்சரை ஓடவிடுவது. கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் கெடுதல். காலிபரேஷன் ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தால் கர்சர் பார்வைக்குச் சற்று வலப்பக்கம் தெரியும். அசைகிற பொருளை நோக்கிக் கண் தானாகவே திரும்பும். திரும்பியதும் கர்சர் இன்னும் ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் நகரும். கண் அதைத் துரத்த, அது கண்ணைவிட்டு ஓட, ஆள் திரையின் ஓரத்துக்கே போய்விடுவார். ஜேக்கப் அப்போதே இதையும் சொல்லி எச்சரித்திருக்கிறார். கையால் மவுஸை நகர்த்தும்போது சுட்டுவது கை, பார்ப்பது கண். இங்கே சுட்டுவதும் பார்ப்பதும் ஒரே உறுப்பு. காட்டும் பதில் கேள்வியையே நகர்த்திவிடுகிறது.

ஆகவே கர்சரை மறைத்துவிட்டு, பார்க்கப்படும் பட்டனையே பேசவைப்பதுதான் சரி. பார்வை விழுந்ததும் பட்டனின் விளிம்பு மெல்ல ஒளிரலாம், அல்லது அதிலுள்ள எழுத்து நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரலாம். நடுவை நோக்கி என்பது முக்கியம். கண்ணும் நடுவுக்கு இழுபடும், பிசகு குறையும். பட்டனின் ஓரமாக ஒரு கோடு ஊர்ந்து வளர்வது போல வடிவமைத்தால் கண் அந்தக் கோட்டின் பின்னாலேயே போய்ப் பட்டனைவிட்டு வெளியேறிவிடும்.

குரலால் பதில் சொன்னால் என்ன, பலகையில் அதுதானே இவ்வளவு இதமாக இருக்கிறது என்று தோன்றும். பின்லாந்தின் தம்பெரே பல்கலைக்கழகத்தில் பைவி மயராந்தாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்ணால் தட்டச்சு செய்வதை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. தேர்ந்த எழுத்தைக் கணினி வாய்விட்டுச் சொன்னால், அதைக் கேட்டு முடிக்கும்வரை கண் அங்கேயே நின்றுவிடுகிறது. நின்றால் கடிகாரம் மறுபடி ஓடி, அதே எழுத்து இரண்டாம் முறை விழுகிறது. குறுகிய ‘டிக்’ ஒலியும் பட்டனில் தெரியும் மாற்றமும் சேர்ந்ததுதான் நன்றாக வேலை செய்தது. நிற்கும் நேரத்தை மிகவும் குறைத்தால் ‘பார்க்கிறாய்’, ‘தேர்ந்தாய்’ என்று இரண்டு படிகளில் காட்டுவதுகூடக் குழப்பம். ஒரே ஒரு கூர்மையான மாற்றம் போதும்.

பலகையில் அருமையாக இருக்கும் குரல் கணினியில் கெடுக்கிறதென்றால் குற்றம் குரலில் இல்லை. பலகைக்காரி காத்திருக்கிறாள், கணினி காத்திருப்பதில்லை. பலகையில் நேரம் இருவருடைய கையிலும் இருக்கிறது. கணினியில் அது கருவிக்குள் ஓடுகிறது. பலகையைப் பார்த்து அப்படியே காப்பியடித்து மென்பொருள் செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அந்த நேரத்தைப் பயனரின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் மயராந்தா குழுவினர் பார்த்தார்கள். 2009-இல் வெளியான ஆய்வில், நிற்கும் நேரத்தைப் பங்கேற்றவர்களே மாற்றிக்கொள்ளலாம். பத்து அமர்வுகளில் அது சராசரி 876 மில்லிநொடியிலிருந்து 282-க்கு இறங்கியது. வேகம் நிமிடத்துக்கு 6.9 சொல்லிலிருந்து 19.9-க்கு ஏறியது. பங்கேற்றவர்கள் உடல் குறைபாடு இல்லாதவர்கள், எழுதியது தமிழும் அல்ல. இந்த எண்களை அப்படியே நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்தக் கூடாது. என்றாலும் பலகைக்கு இந்த வேகம் எட்டாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம்மூர் அனுபவமும் இருக்கிறது. பழவந்தாங்கலில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கினால் கோட்டூர்புரம் பக்கம்தான். அங்கே மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளோடு 1985 முதல் பணிபுரிந்துவரும் வித்யாசாகர் அமைப்பு இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரதீப்தா பிஸ்வாஸ் குழுவினர், பேச்சும் உடலசைவும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இந்த அமைப்பின் இளைஞர்களோடு சேர்ந்து கண்ணால் இயக்கும் திரைகளை வடிவமைத்தார்கள். இந்த இளைஞர்களின் பார்வை மற்றவர்களுடையதைப் போல ஓரிடத்தில் அடங்கி நிற்பதில்லை. தலையும் சேர்ந்து ஆடும். ஆகவே திரையில் இலக்குகளைக் குறைத்து, பெரிதாக்கி, தள்ளித்தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பின்னர் இதே வழியில் ஒரு ரோபோ கையையும் இயக்கவைத்து, அந்த ஆய்வை 2020-இல் வெளியிட்டார்கள். சந்தையில் கிடைக்கும் ஐ டிராக்கரைக் கொண்டு, ஒரு பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்க அவர்களுக்குச் சராசரியாகப் பதினைந்து நொடிக்கும் குறைவாகவே ஆனது. ரோபோ கையை நேரே பார்க்காமல், அதைக் கேமரா வழியே காட்டும் திரையைப் பார்த்து இயக்கும் ஏற்பாடு அது. கட்டளை இடும் இடமும் விளைவு தெரியும் இடமும் ஒன்றாக இருந்தால் கண் அலைய வேண்டாம். பின்னூட்டத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடையை நான் பார்த்ததில்லை.

தமிழ் எழுத்து இந்த வேலைக்கு இடைஞ்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். 247 எழுத்துகளுக்கும் பட்டன் வைத்தால் இடைஞ்சல்தான். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் என்று வைத்து, முதல் பார்வையில் மெய்யையும் இரண்டாம் பார்வையில் உயிரையும் எடுத்தால் சிக்கல் தீர்ந்தது. தமிழ்99 விசைப்பலகை விரல்களுக்கு இதைத்தான் செய்கிறது. கண்ணுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இடைநிலைப் பதில். ‘க’ எடுத்தாயிற்று, உயிருக்காகக் காத்திருக்கிறேன் என்று அந்தப் பட்டனே காட்ட வேண்டும். எழுதிய வரி மேலே எங்கோ இருந்தால், ஒவ்வோர் எழுத்துக்கும் கண் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும். வேகம் அதிலேயே குறைந்துவிடும். கடைசியாக விழுந்த எழுத்தைப் பட்டனின் மேலேயே ஒரு கணம் காட்டினால் அந்த அலைச்சல் மிச்சம்.

பலகையின் குறையையும் சொல்ல வேண்டும். அதில் அந்தரங்கம் கிடையாது. மருமகளைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால், பலகை பிடித்திருப்பவர் மருமகளாக இருக்கக் கூடாது. பிடிப்பவர் அவசரப்பட்டால் “தண்ணியா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும், அவர் ‘தண்டபாணி’ என்று சொல்ல வந்திருக்கலாம். நள்ளிரவில் ஆளைக் கூப்பிடப் பலகையால் முடியாது. தனியே உட்கார்ந்து பேரனுக்கு ஒரு கடிதம் எழுதக் கணினியால்தான் முடியும்.

கணினியை நம் வீட்டுக்குள் கொண்டுவரும்போது வீடும் கணக்கில் சேரும். மேற்கு ஜன்னலிலிருந்து மாலை வெயில் முகத்தில் விழுந்தால், அதிலுள்ள அகச்சிவப்பு ஒளியால் டிராக்கர் தடுமாறும். திரைச்சீலை போட வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே போகும்போது ‘டிக்’ ஒலி காதில் விழாது. நங்கநல்லூரில் ஒலியை மட்டும் நம்பிய பின்னூட்டம் உதவாது, கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

என் தீர்ப்பு இது. பலகையை இன்றைக்கே செய்துவிடுங்கள். கணினி வந்த பிறகும் அதைத் தூக்கி எறியாதீர்கள். கணினி வாங்குமுன், 2024-இல் ஐஓஎஸ் 18, ஐபாட்ஓஎஸ் 18 ஆகியவற்றோடு வந்த கண் கண்காணிப்பு வசதி உள்ள ஐபோனோ ஐபாடோ வீட்டில் யாரிடமாவது இருந்தால், அதை ஒரு வாரம் பழகிப் பாருங்கள். கடைக்குப் போனால் கேமராவின் பெருமையைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நாலு கேள்வி கேளுங்கள். கர்சரை மறைக்க முடியுமா? நிற்கும் நேரத்தை நோயாளியே மாற்ற முடியுமா? பட்டன்களைப் பெரிதாக்க முடியுமா? தேர்வானது பட்டனிலேயே தெரியுமா? நாலுக்கும் ஆமாம் என்ற பதில் வராவிட்டால், எவ்வளவு விலை சொன்னாலும் வாங்க வேண்டாம்.