லிஸ்பன் மாநகரும் வழிகாட்டியின் வரலாறும்

ஒரு நகரின் வரலாற்றை நூல்களிற் கற்போர் சிலர்; வழிகாட்டியைப் பின்தொடர்ந்து சென்று அதன் சின்னங்களிற் காண்போர் பலர். வழிகாட்டிக்குக் கிடைப்பதோ ஒரு பகற்பொழுது. எதனைக் காட்டுவது, எதனைக் கடந்து செல்வது என அவர் தெரிவுசெய்யும்போதே வரலாற்றாசிரியரின் பணி அவர் கைக்கு வந்துவிடுகிறது. எனவே சுற்றுலாப் பாதையும் ஒரு வரலாற்று நூலேயாகும். அதனையும் ஆராய்ந்தே படித்தல் வேண்டும். இலங்கையின் கரையோரத்தில் 1658 வரை அதிகாரஞ் செலுத்திய போர்த்துக்கேயரின் தலைநகராகிய லிஸ்பன் இதற்குத் தக்க சான்றாகும்.

நகரின் மேற்கே, டேகஸ் ஆற்றங்கரையில் உள்ள பெலேம் பகுதிக்கு உல்லாசப் பயணிகள் தவறாது அழைத்துச் செல்லப்படுவர். அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயம் மனுவேல் மன்னன் காலத்தில், 1501ஆம் ஆண்டளவிற் தொடங்கப்பெற்றது. கயிறும் முடிச்சும் கடற்பொருள்களும் கல்லிற் செதுக்கப்பெற்ற அதன் தூண்கள் காண்போரை வியப்பில் ஆழ்த்துவன. வாயிலருகே வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் கவிஞர் கமோயின்ஸின் கல்லறையும் எதிரெதிரே அமைந்துள்ளன. ஆயின் இக்கட்டடத்தின் செலவு எங்கிருந்து வந்தது? ஆபிரிக்க, கீழைத்தேய வாணிகத்தின் மீது விதிக்கப்பெற்ற ஐந்து சதவீத வரியே இதன் பெரும்பகுதியைத் தாங்கியது. மிளகு வரி என்றே அது பெயர் பெற்றது. இந்து சமுத்திரக் கரைகளின் விளைபொருளே டேகஸ் கரையிற் கல்லாக எழுந்தது எனலாம்.

மடாலயத்துக்கு எதிரே, ஆற்றோரத்தில், கப்பலின் முன்பகுதி போன்ற நினைவுச்சின்னம் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. கடலோடிகளின் காலத்துக்குரியது போலத் தோன்றும் இது உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமாகும். சலசாரின் சர்வாதிகார ஆட்சியில், 1940ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாக அமைக்கப்பெற்று, இளவரசர் ஹென்றி மறைந்து ஐந்நூறாண்டு நிறைந்த 1960இல் நிலையாகக் கட்டப்பெற்றது. அதிலுள்ள முப்பத்து மூன்று உருவங்களுள் மன்னரும் மாலுமிகளும் மதகுருமாரும் உளர், பெண் ஒருவரே. அக்கப்பல்களில் விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க அடிமைகளுக்கு அங்கு இடமில்லை. குன்றின்மீதுள்ள சென் ஜோர்ஜ் கோட்டையின் இன்றைய இடைக்காலத் தோற்றமும் பெருமளவுக்கு அதே ஆட்சிக்காலத்துப் புனரமைப்பின் விளைவேயாகும். பழமை எனக் காட்டப்படுவதெல்லாம் பழமையன்று.

1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள், சகல புனிதர் திருநாட் காலையில், நகரைப் பூமியதிர்ச்சி உலுக்கியது. தேவாலயங்கள் அடியார்களால் நிறைந்திருந்த வேளை அது. தொடர்ந்து கடல் பொங்கியது; தீயும் பரவியது. பின்னாளிற் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சரின் ஆணைப்படி கீழ்நகர் நேர்த்தெருக்களுடன் மீளக் கட்டப்பெற்றது. மீண்டும் அதிர்ச்சி நேரின் தாங்குதற்பொருட்டுச் சுவர்களுள் மரச்சட்டகங்கள் பொருத்தப்பெற்றன. அரண்மனை நின்ற இடம் வர்த்தகச் சதுக்கமாயிற்று. அங்கு நின்று ஆற்றின் அழகை இரசிப்போர், கீழைத்தேய வாணிகத்தை நடத்திய இந்திய இல்லமும் அதன் பதிவேடுகளும் அவ்விடத்திலேயே அழிந்தன என்பதை அறிந்திருத்தல் அரிது. இவ்வழிவு ஆசிய நாடுகளின் வரலாற்றுக்கும் நேர்ந்த இழப்பாகும்.

அச்சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில் சாந்தோ தொமிங்கோ ஆலயம் உள்ளது. 1506ஆம் ஆண்டு ஏப்ரலில், கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாகியிருந்த யூதர்கள் மீது இவ்வாலயத்திலே தொடங்கிய வன்முறை நகரெங்கும் பரவி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பெலேமில் மடாலயம் எழுந்துகொண்டிருந்த அதே மனுவேல் மன்னனின் ஆட்சிக்காலமே அது. ஆலய முன்றலில் இதற்கான நினைவுக்கல் 2008இலேதான் நாட்டப்பெற்றது. வெற்றியைக் கல்லில் எழுதுவதற்குக் காட்டிய விரைவு குற்றத்தை எழுதுவதிற் காட்டப்படவில்லை.

ஈண்டு இன்னுமொரு சின்னம் குறிப்பிடத்தக்கது. சென் ஜோர்ஜ் கோட்டையின் கோபுரமொன்றில் அரச ஆவணங்கள் பேணப்பட்டன. தோம்போ கோபுரம் என்பது அதன் பெயர். 1755இற் கோபுரம் சரிந்தபோதும் ஆவணங்கள் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டன. 1990இற் பல்கலைக்கழக வட்டாரத்திற் கட்டப்பெற்ற புதிய மாளிகைக்கு அவை சென்றபோது பழைய பெயரும் உடன் சென்றது. ‘தோம்போ’ என்பது பதிவேட்டைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியோர் அங்குள்ள நிலங்களையும் வரிகளையும் பதிந்து வைத்த ஏடுகளுக்கும் அதுவே பெயராயிற்று. ‘தோம்பு’ எனத் தமிழிலும் நிலைத்தது. ஆண்டவர் சென்று மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சொல் செல்லவில்லை.

மடாலயத்துக்கும் நினைவுச்சின்னத்துக்கும் திரளும் பயணிகளுள் ஆவணமாளிகையின் வாயிலை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும் அங்குள்ள ஏடுகளிலேதான், எழுப்பியோரின் பெருமையோடு வரி செலுத்தியோரின் வாழ்வும் தடம் பதித்திருக்கிறது. வழிகாட்டி நிறுத்தும் இடத்தில் நின்று பார்ப்பவன் சுற்றுலாப் பயணி. அவர் நிறுத்தாத இடத்திலும் நின்று வினவுபவனே வரலாற்று மாணவன்.