மதர்போட்டுக்குள் ஒரு சின்னச் சுற்று: எச்டி படம் மலிவான கொம்பியூட்டருக்கு வந்த கதை

ஒரு பழைய கொம்பியூட்டரில் 1080பி படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சத்தம் ஒழுங்காக வரும், படம் மட்டும் விக்கி விக்கி வரும். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஃபேன் இரையத் தொடங்கும். வசனம் முன்னுக்குப் போய்விட, வாயசைவு பின்னால் இழுபடும். "மெஷின் ஸ்லோ, மாத்த வேணும்" எண்டு உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் நடந்ததைத் திரும்பிப் பார்த்தால், பிரச்சினை வேகத்தில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிஏஎல் முறை டிவிடியில் ஒரு ஃப்ரேம் 720க்கு 576 புள்ளிகள். 1080பியில் அது 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 5 கோடிப் புள்ளிகளை ஒவ்வொரு விநாடியும் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

புள்ளிகள் கூடியது பாதிக் கதைதான். படத்தைச் சுருக்கும் முறையும் மாறியது. டிவிடி பாவித்தது எம்பெக்-2. 2003இல் வெளிவந்த எச்.264 அதைவிடக் கெட்டிக்கார முறை. பெரும்பாலான ஃப்ரேம்களை அது முழுதாகச் சேமிக்காது. முன்னால் வந்த ஃப்ரேமிலிருந்து எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். கடைசியில் அந்தக் குறிப்புகளை எல்லாம் பிட்டுகளாக இறுக்கிக் கட்டிவிடும். கேபெக் என்ற கட்டும் முறையில் ஒரு பிட்டை அவிழ்த்தால்தான் அடுத்ததை அவிழ்க்கலாம். பத்துப் பேர் சுற்றி நின்றாலும் ஒரு முடிச்சை ஒராள்தான் அவிழ்க்க முடியும், அதே சங்கதிதான். கோப்பு சிறிதாகும், ஆனால் அதைத் திறக்கிற வேலை பெருத்துவிடும்.

2006இல் புளூரேயும் எச்டி டிவிடியும் கடைக்கு வந்தன. புளூரேயில் வீடியோ மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம். அன்றைய சாதாரண புரொசசர் ஒன்று இதைத் தனியாகச் சுமக்கத் திணறியது. மதர்போட்டிலேயே இருந்த கிராபிக்ஸ் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 2007இல் வந்த ஏஎம்டியின் 690ஜி சிப்செட் எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை டிவிக்கு அனுப்பும், ஆனால் எச்.264 முடிச்சை அவிழ்க்கிற பாரமான வேலை புரொசசரின் தலையில்தான்.

தீர்வு முதலில் தனி கிராபிக்ஸ் கார்டுகளில் வந்தது. 2007இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8500, 8600 கார்டுகளிலும், ஏஎம்டியின் ரேடியான் எச்டி 2400, 2600 கார்டுகளிலும் இந்த வேலைக்கென்றே ஒரு தனிச் சுற்று இருந்தது. ஏஎம்டி அதற்கு யூவிடி எண்டு பெயர் வைத்தது. அந்தச் சுற்றுக்கு வேறு எதுவும் தெரியாது. கேம் ஓட்டாது, கணக்குப் பார்க்காது. வீடியோவை அவிழ்க்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் வேடிக்கை. அப்போது உச்சத்தில் இருந்த, விலை கூடின கார்டுகளான ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸிலும் ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டியிலும் இந்தச் சுற்று இல்லை! காசைக் கொட்டி ராட்சத கார்ட் வாங்கியவரின் புரொசசர் வியர்த்துக்கொண்டிருக்க, மலிவான கார்ட் வாங்கியவர் நிம்மதியாகப் படம் பார்த்தார். வலிமை வேறு, அந்த வேலைக்கான கருவி வேறு.

2008 பெப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட, புளூரே வென்றது. அடுத்த மாதமே ஏஎம்டி 780ஜி சிப்செட்டை வெளியிட்டது. 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கியதன் பலன் இதில் தெரிந்தது: யூவிடி சுற்று இப்போது மதர்போட்டிலேயே இருந்தது. மலிவான ஒரு புரொசசரைப் பூட்டி, தனிக் கார்ட் இல்லாமலே 1080பி படம் பார்க்கலாம். அதே ஆண்டில் இன்டெல் ஜி45உடன் வந்தது. அதன் கிராபிக்ஸ் பெயர் எக்ஸ்4500எச்டி. தம்பியான ஜி43இல் இருந்தது வெறும் எக்ஸ்4500. பெயரின் வாலில் இருந்த 'எச்டி'தான் எச்.264ஐ முழுதாக அவிழ்க்கும் சுற்று உண்டா இல்லையா என்பதைச் சொன்னது. கடையில் இதை விளங்கி வாங்கியவர் எத்தனை பேர்?

இந்தக் கதைக்கு நல்ல சாட்சி இன்டெலின் ஆட்டம் புரொசசர். மெலிந்த, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சாமான். அதைப் பழைய 945ஜிசி சிப்செட்டோடு சேர்த்தால் 1080பி ஓடாது. அதே ஆட்டத்தை என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 9400 சிப்செட்டோடு சேர்த்து, 2009இல் அயன் என்ற பெயரில் விற்றார்கள். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. புரொசசர் மாறவில்லை, பக்கத்தில் இருந்த ஆள்தான் மாறினார்.

சுற்று இருந்தால் மட்டும் போதாது, அதைக் கூப்பிடத் தெரிந்த மென்பொருளும் வேணும். விண்டோஸில் அந்த வாசலின் பெயர் டிஎக்ஸ்விஏ. பிளேயர் அந்த வாசலைத் தட்டாவிட்டால் சுற்று சும்மா படுத்திருக்கும், புரொசசர் மாரடிக்கும். லினக்ஸ்காரருக்கு 2008 நவம்பரில் என்விடியா விடிபாவ் என்ற வழியைத் திறந்தது. 2009 நவம்பரில் யூடியூப் 1080பி கொடுத்தது, ஆனால் ஃப்ளாஷ் பிளேயர் எச்.264க்கு இந்தச் சுற்றைப் பாவிக்கத் தொடங்கியது 2010 ஜூனில் வந்த 10.1 பதிப்பில்தான். இடைப்பட்ட மாதங்களில் எத்தனை நல்ல மெஷின்கள் "ஸ்லோ" எண்டு பேர் வாங்கியிருக்கும்!

பிறகு கிராபிக்ஸ் மதர்போட்டை விட்டே இடம்பெயர்ந்தது. 2011 ஜனவரியில் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜில் புரொசசரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில் இருந்தன. இன்று உங்கள் கைபேசி சூடாகாமல் படம் காட்டுவதும் இதே மாதிரி ஒரு சுற்றின் தயவில்தான்.

ஆனால் இந்தச் சுற்றுக்கு ஒரு சாபமும் உண்டு. அது தனக்குத் தெரிந்ததை மட்டும் செய்யும், புதிதாகப் படிக்காது. 2013இல் விபி9 வந்தது, யூடியூப் அதற்கு மாறியது. 2018இல் ஏவி1. எச்.264ஐ அனாயாசமாக அவிழ்த்த 780ஜிக்கு இவை தெரியாத பாஷை. சுமை திரும்பவும் புரொசசரின் தலைக்குப் போனது, படம் திரும்பவும் விக்கியது. மெஷின் நேற்று இருந்தமாதிரியேதான் இருக்கிறது, வெளியில்தான் பாஷை மாறிவிட்டது.

ஆகவே வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய பெட்டியைத் தூக்கி எறிய முன்னம் ஒருக்கா எச்.264 கோப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிளேயரின் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் டிகோடிங் போட்டிருக்கா எண்டும் பாருங்கள். அதே பெட்டி சத்தமில்லாமல் படத்தை ஓடவிடக்கூடும். ஒரு பொருள் கிழடாகிவிட்டது என்று நாங்கள் சொல்லும் பல நேரங்களில், அதோடு பேசுகிற பாஷையை வேறு யாரோ எங்கேயோ மாற்றியிருக்கிறார்கள். புதுசு வாங்கும் காசு மட்டும் எங்கட பொக்கற்றில் இருந்து போகிறது.