பழைய மரியாதை, புதிய 'நீ': ஸ்பானிஷில் வோஸ் வந்த வழி

ஸ்பானிஷ் புத்தகத்தில் முதல் பாடமே இதுதான்: 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். அதை நம்பி புவெனஸ் ஐரிஸில் இறங்கினால், தெருவில் யாரும் 'தூ' சொல்றதில்லை. எல்லாம் 'வோஸ்'. 'வா' என்பதற்குப் புத்தகம் 'வென்' என்கிறது, ஊர் 'வெனி' என்கிறது.

இந்த வோஸ் ஒரு காலத்தில் மரியாதைச் சொல். 1500-களில், ஸ்பானியர்கள் அமெரிக்காவில் குடியேறிய சமயத்தில், அதன் மவுசு குறைஞ்சுபோச்சு. பெரிய மனிதரை வோஸ் என்றால் சண்டைதான். மரியாதைக்கு 'வுவெஸ்த்ரா மெர்செத்' வந்தது. கிட்டத்தட்ட நம்ம 'தேவரீர்' மாதிரி. அதுதான் தேய்ந்து தேய்ந்து உஸ்தெத் ஆனது. ஸ்பெயினில் நெருக்கத்துக்குத் தூ நிலைத்தது, வோஸ் வழக்கொழிந்தது.

மெக்சிகோ நகரமும் லிமாவும் வைஸ்ராய்களின் தலைநகரங்கள். கப்பலும் அதிகாரியும் வந்துபோகிற இடம். ஸ்பெயினின் புதுப் பழக்கம் அங்கே சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. புவெனஸ் ஐரிஸ் 1776-இல்தான் அப்படியொரு தலைநகரானது. அதற்குள் வோஸ் வேர்விட்டிருந்தது. மத்திய அமெரிக்காவிலும் இதே கதை.

அப்புறம் வந்தது பள்ளிக்கூடம். சிலேயில் இலக்கண அறிஞர் ஆந்த்ரேஸ் பெய்யோ வோஸைக் கடுமையாக எதிர்த்தார். அங்கே அந்தச் சொல் பின்வாங்கியது. ஆனா அதன் வினைவிகுதி மட்டும் நண்பர்கள் பேச்சில் தூ-வோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கு! அர்ஜென்டினாவில் பிள்ளைகள் வகுப்பில் தூ, வீட்டில் வோஸ். அம்மா பேசுறது தப்புன்னு வாத்தியார் சொன்னா பிள்ளை என்ன செய்யும்? அந்நாட்டு மொழிக் கழகம் வோஸை முறையான வழக்காக ஏற்றது 1982-இல்தான். கொச்சை என்று திட்டப்பட்டது உண்மையில் பழைய சபை வழக்கு. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

கொலம்பியா வேற மாதிரி. மெதெயின், காலி பக்கம் வோஸ் கேட்கும். நான் தங்கிப் படித்த போகோத்தாவில் உஸ்தெத் வெறும் மரியாதை இல்லை. வீட்டுக்கார அம்மா மகனைத் திட்டுறதும் உஸ்தெத்திலேதான், கொஞ்சுறதும் உஸ்தெத்திலேதான். அங்கிருந்து வடகிழக்கே போயாக்கா மலைப்பக்கம் போனா, சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறவங்க நம்மை 'சுமெர்சே' என்று கூப்பிடுவாங்க. அதே பழைய மெர்செத்துதான் அது.