இதயத் தமனி முழு அடைப்பு: கதீட்டர் சிகிச்சையின் வரலாறு

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் ஒன்று முற்றிலும் அடைபட்டு, அந்த அடைப்பு மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் அதை நாட்பட்ட முழு அடைப்பு என்பர். கதீட்டர் சிகிச்சைக்கூடங்களில் சி.டி.ஓ. என்பதே வழக்கு. மாரடைப்பின்போது உண்டாகும் திடீர் அடைப்பு வேறு. அது பெரும்பாலும் புதிதாக உறைந்த இரத்தக்கட்டி. சிகிச்சைக்காகச் செலுத்தும் கம்பி அதில் எளிதில் நுழைந்துவிடும். நாட்பட்ட அடைப்பிலோ கட்டி நார்த்திசுவாக இறுகி, சுண்ணாம்பும் படிந்து கெட்டிப்பட்டிருக்கும். ஆஞ்சியோகிராமில் தமனி நோய் உறுதியானவர்களில் ஆறில் ஒருவருக்கு முதல் ஐந்தில் ஒருவருக்கு வரை இத்தகைய அடைப்பு காணப்படுகிறது.

"நூறு சதவீதம் பிளாக்" என்று கேட்டதும் நோயாளியின் குடும்பம் நிலைகுலைந்துபோகும். ஆனால் அந்த மனிதர் நடந்துதான் மருத்துவமனைக்கு வந்திருப்பார். தமனி மெல்ல மெல்ல அடைபடும்போது, பக்கத்துத் தமனிகளிலிருந்து வரும் நுண்ணிய துணை நாளங்கள் விரிந்து, அடைப்புக்கு அப்பாலுள்ள பகுதிக்குப் பின்வழியாக இரத்தம் கொடுக்கின்றன. தசை உயிரோடிருக்க அது போதும். மாடிப்படி ஏறப் பெரும்பாலும் போதாது. நெஞ்சிறுக்கமும் மூச்சிரைப்பும் அதனால் வருபவை. பின்னாளில் இதே துணை நாளங்கள் சிகிச்சைக்கும் பாதையாயின.

அந்தச் சிகிச்சையின் கதை கதீட்டர் என்னும் மெல்லிய குழாயிலிருந்து தொடங்குகிறது. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கைச்சிரை வழியாகத் தன் இதயத்துக்கே குழாய் செலுத்திக்கொண்டார். 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிக்குள் நேரடியாகச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையைக் கண்டார். குழாயைக் கொண்டே அடைப்பை நீக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிறந்தது. 1963இல் சார்லஸ் டாட்டர் ஒரு நோயாளிக்குப் படமெடுக்கக் குழாயைச் செலுத்தியபோது, அது முழுதும் அடைபட்டிருந்த இடுப்புத் தமனியைத் தற்செயலாகத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. மறு ஆண்டு ஜனவரியில், காலை வெட்ட வேண்டிய நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் தொடைத் தமனியை அவர் வேண்டுமென்றே குழாயால் விரித்தார்; கால் பிழைத்தது. இத்துறையின் வித்து ஒரு முழு அடைப்பில்தான் விழுந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஏனெனில் அடுத்து வந்தவர்கள் முழு அடைப்பைத் தொடவே தயங்கினார்கள்.

அதற்குக் காரணமும் இருந்தது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக், பலூனால் அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை முதன்முதலாக இதயத் தமனியில் செய்தார். தம் வீட்டுச் சமையலறை மேசையில் மனைவியோடும் உதவியாளரோடும் சேர்ந்து வெட்டி ஒட்டி உருவாக்கிய பலூன்களிலிருந்து வளர்ந்ததே அவருடைய கருவி. அதன் நுனியிலிருந்த குட்டைக் கம்பி பலூனோடு ஒட்டியே இருந்தது. அதைத் திசை திருப்ப வழியில்லை. ஆகவே தமனியின் தொடக்கத்தில், நீளம் குறைந்த, சுண்ணாம்பு படியாத, முழுதும் மூடாத அடைப்புகளையே அவர் தேர்ந்தெடுத்தார். 1982இல் ஜான் சிம்ப்சனும் உடனிருந்தோரும் பலூனுக்குள் தனியே நகரும், திசை திருப்பக்கூடிய கம்பியை அறிமுகப்படுத்திய பின்னரே நிலைமை மாறியது. அப்போதும் முழு அடைப்புகளில் ஏறத்தாழ பாதிதான் திறந்தன. திறந்தவையும் நிலைக்கவில்லை. நார்வேயில் நடந்து 1996இல் வெளியான சிக்கோ ஆய்வில், பலூனால் மட்டும் திறந்த தமனிகளில் 74 சதவீதம் மீண்டும் சுருங்கின. ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தவற்றில் 32 சதவீதம். பின்னர் வந்த மருந்து பூசிய ஸ்டென்டுகள் அதை மேலும் குறைத்தன.

திறந்த வழியைக் காக்க ஸ்டென்ட் வந்துவிட்டது. திறப்பதோ கம்பியின் வேலை, அந்தக் கம்பி ஜப்பானிலிருந்து வந்தது. தொழிற்சாலைகளுக்கு நுண்ணிய எஃகுக் கம்பிக்கயிறு செய்துவந்த ஐச்சி மாகாணத்து ஆசாஹி இன்டெக் நிறுவனம், 1990களில் ஒசாமு கத்தோ போன்ற மருத்துவர்களோடு சேர்ந்து முழு அடைப்புக்கென்றே கம்பிகள் செய்தது. தடிமன் 0.36 மில்லிமீட்டர்தான். முனையை வளைக்கத் தேவைப்படும் விசையைக் கிராமில் அளப்பர். அன்றாட ஆஞ்சியோபிளாஸ்டிக் கம்பிக்கு அது ஒரு கிராமை ஒட்டியிருக்கும். முழு அடைப்புக் கம்பிகளில் 3, 4.5, 6 என்று ஏறி 12 கிராம் வரை போயிற்று. சிலவற்றின் நுனியை 0.23 மில்லிமீட்டராகக் கூராக்கினார்கள். மருத்துவர் நுனியில் இம்மியளவு வளைவு கொடுத்து, விரலிடையில் சுழற்றி, அடைபட்ட தமனியிலும் அதற்குத் துணை நாளம் தரும் தமனியிலும் ஒரே நேரத்தில் சாயம் செலுத்தி, அடைப்பின் இருகரையையும் திரையில் பார்த்தபடி முன்னேறுகிறார். முதல் கம்பி தவறான தடத்தில் போனால் அதை எடுக்காமல் அடையாளமாக விட்டுவைத்து, பக்கத்தில் இரண்டாவதைச் செலுத்தும் உத்தியும் ஜப்பானியர் வளர்த்தெடுத்ததே.

கம்பி தமனியின் உள்வழியை விட்டு விலகினால் தோல்வி என்பதே பழைய பாடம். 2005இல் மிலானின் அந்தோனியோ கொலம்போ குழு அதைத் தலைகீழாக்கியது. தமனிச் சுவர் வாழைமரத்துப் பட்டைகள்போல் அடுக்கடுக்கானது. அடைப்புக்கு உள்ளே போராடாமல், அந்த அடுக்குகளுக்கிடையே கம்பியைச் செலுத்தி அடைப்பைக் கடந்து, அப்பால் மீண்டும் உள்வழிக்குள் நுழைவது அவர்கள் வழி. எங்கே நுழைவது என்பதுதான் சிக்கல். நுழைவிடம் கீழே தள்ளிப்போகப் போக, கிளைத் தமனிகள் பல விடுபட்டுப் போயின.

அடைப்பைப் பின்புறமிருந்து அணுகுவதே எனக்கு இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான கட்டமாகத் தோன்றுகிறது. அடைப்பின் முன்முனை கெட்டியாகவும் பின்முனை ஒப்பளவில் மென்மையாகவும் இருப்பது பல நேரம் உண்டு. 1990இல் ஹார்ட்ஸ்லர் குழு பைபாஸ் அறுவையில் பொருத்தப்பட்ட சிரை வழியே பின்னிருந்து வந்து காட்டியிருந்தது. 2006இல் ஜப்பானின் டொயோஹாஷியிலிருந்து சுச்சிகானே, கத்தோ குழுவினர் வெளியிட்ட 'கார்ட்' முறை இன்னும் நுட்பமான வழியைப் பிடித்தது. நல்ல தமனியில் நுழைந்து, இதய அறைகளுக்கிடையிலான சுவரிலுள்ள துணை நாளத்தைக் கடந்து, அடைபட்ட தமனியின் கடைப்பகுதியை அடைந்து, அங்கிருந்து மேல்நோக்கி வரவேண்டும். முன்னிருந்து ஒரு கம்பி, பின்னிருந்து ஒரு கம்பி. நடுவே பலூனை விரித்து இரண்டும் சந்திக்க இடம் பண்ணுவார்கள். சுற்றிச் சுழன்று செல்லும் முடிநிகர் நாளம் கிழிந்தால் ஆபத்து. ஆகவே கம்பியோடு கூடவே செல்லும் நுண்குழாய்களும் இதற்காக உருவாயின.

2011இல் ஜப்பானியப் பதிவேட்டிலிருந்து ஜே-சி.டி.ஓ. மதிப்பெண் வந்தது. சுண்ணாம்பு, 45 பாகைக்கு மேற்பட்ட வளைவு, மழுங்கிய தொடக்க முனை, 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளம், முன்பு தோற்ற முயற்சி ஆகிய ஐந்தைக் கொண்டு கடினத்தைக் கணிப்பது அது. 2012இல் அமெரிக்க மருத்துவர்கள் 'ஹைபிரிட்' முறையை வெளியிட்டனர். ஒரு வழி பயன்தராவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல், அதே அமர்வில் அடுத்த வழிக்கு மாறுவதே அதன் சாரம். தேர்ந்த மையங்களில் வெற்றி வீதம் இன்று 85 சதவீதத்தைத் தாண்டியுள்ளது. 

வெற்றிக்கு விலையும் உண்டு. நடைமுறை மணிக்கணக்கில் நீளும். கதிர்வீச்சும் சிறுநீரகத்தைச் சோதிக்கும் சாயமும் கூடுதல். அமெரிக்காவின் ஓப்பன்-சி.டி.ஓ. பதிவேட்டில் 1,000 நோயாளிகளில் 86 சதவீதத்தினருக்கு அடைப்பு திறந்தது, ஏறக்குறைய 100இல் ஐவருக்குச் சிகிச்சை தேவைப்பட்ட அளவுக்குத் தமனி துளைபட்டது, 0.9 சதவீதத்தினர் மருத்துவமனையிலேயே இறந்தனர்.

இத்தனை உழைப்பால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி தாமதமாகவே கேட்கப்பட்டது. அது முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும். 2018இல் வெளியான 396 பேர் கொண்ட யூரோ-சி.டி.ஓ. ஆய்வில், அடைப்பு திறக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு கழித்து நெஞ்சுவலி குறைந்து வாழ்க்கைத்தரம் மேம்பட்டிருந்தது. 2019இல் வெளியான கொரியர் தலைமையிலான டிசிஷன்-சி.டி.ஓ. ஆய்வில் 834 பேரை அடைப்பைத் திறக்கும் பிரிவு, மருந்து மட்டும் தரும் பிரிவு என இரண்டாகப் பிரித்துத் தொடர்ந்தபோது, மரணத்திலோ மாரடைப்பிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அது திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன் நிறுத்தப்பட்ட ஆய்வு. மருந்துப் பிரிவிலிருந்த பலர் பின்னர் ஸ்டென்டுக்கு மாறினர். 2021இன் அமெரிக்க நெறிமுறை இச்சிகிச்சையின் பயன் உறுதியற்றது என்று தரத்தைத் தாழ்த்தியது. ஆகவே இன்று பொதுவாக முதலில் மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்க்கிறார்கள்; மற்றத் தமனிகளின் அடைப்பைச் சரிசெய்கிறார்கள்; தேவைப்பட்டால் அந்தப் பகுதித் தசை உயிரோடிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. போன்ற பரிசோதனைகளால் பார்க்கிறார்கள். அதன் பின்னும் நெஞ்சுவலி தீராதவருக்கே கம்பியைக் கையிலெடுக்கிறார்கள்.